மண்ணுக்குள் இருந்தால் வேரா? வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பகுதியில் போகிற போக்கில் "உருளைக்கிழங்கு வேர் இல்லை, தண்டு" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி சண்டை, பாதி சந்தேகம். சரி, இந்த மாதம் முழுக்கக் காய்கறிக்கடைதான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சமையல் குறிப்பு கேட்டவர்கள் இரண்டு பக்கம் தள்ளிப் பார்க்கவும், அது வேறு ஆள் துறை.

கேள்வி: உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி இரண்டுமே மண்ணுக்குள்தான் விளைகின்றன. ஒன்றைத் தண்டு என்கிறீர்கள், இன்னொன்றை வேர் என்கிறீர்கள். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு இதை எப்படிப் புரியவைப்பது? (வாசகி, திண்டுக்கல்)

விளக்கம் சொல்வதைவிட இரண்டையும் கழுவி அவள் கையில் கொடுத்துவிடுங்கள். உருளைக்கிழங்கில் கண் இருக்கும். அதை உற்றுப் பார்த்தால் குழிக்குள் சின்னச் சின்ன மொட்டுகள், குழியின் ஓரத்தில் வளைந்த ஒரு மெல்லிய கோடு. இலையாக வளர்ந்திருக்க வேண்டிய ஒரு செதில் ஒட்டியிருந்த தழும்பு அது. இலை, அதன் கக்கத்தில் மொட்டு, இந்த ஜோடி இருக்கிற இடத்தைத்தான் கணு என்கிறோம், கரும்பில் பார்க்கிறோமே அதே கணு. வேரில் கணு வராது. மண்ணுக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது கணக்கே இல்லை, கணு இருக்கிறதா என்பதுதான் கணக்கு. கொஞ்சம் பல்குத்தும் குச்சியும் நூலும் கொடுத்து, கண்ணுக்கு ஒரு குச்சி குத்தி வரிசையாக நூலைச் சுற்றச் சொல்லுங்கள். நூல் கிழங்கைத் திருகிக்கொண்டு ஏறும். செடியில் இலைகள் தண்டைச் சுற்றி ஏறுகிற அதே ஒழுங்கு. ஒரு முனையில் கண்கள் நெருக்கமாக இருக்கும், அது தண்டின் நுனி. எதிர் முனையில் ஒரு வட்டத் தழும்பு, தாய்ச்செடியோடு ஒட்டியிருந்த இடம்.

சர்க்கரைவள்ளியில் இது எதுவும் கிடையாது. இரண்டு முனையும் சிறுத்து, மேலே அங்கங்கே மயிர் மாதிரி சல்லிவேர்கள், அவ்வளவுதான். "அதிலும் முளை வருகிறதே?" என்று புத்திசாலிப் பெண்ணாக இருந்தால் கேட்பாள். வரும், ஆனால் அந்த மொட்டுகள் முன்கூட்டியே கணுவில் உட்கார்ந்திருந்தவை அல்ல, தேவை வந்தபோது வேரின் திசுவிலிருந்து புதிதாக உண்டானவை. இடம் ஒழுங்கு எதுவும் இருக்காது, பெரும்பாலும் கொடி ஒட்டியிருந்த முனையில் கொத்தாகக் கிளம்பும்.

இது வெறும் பரீட்சைக்கான விஷயம் இல்லை, விவசாயியின் வேலையே இதை வைத்துத்தான் நடக்கிறது. உருளை போடுகிறவர்கள் விதைக்கிழங்கை வெட்டும்போது துண்டுக்கு ஒரு கண்ணாவது இருக்கும்படி வெட்டுவார்கள், செடி வளர வளர மண் அணைப்பார்கள். அணைக்காவிட்டால் கிழங்கு வைக்க வேண்டிய கிளை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, தண்டுக்கே உரிய புத்தியோடு இலை விட்டு மேலே போய்விடும். சர்க்கரைவள்ளிக்குக் கொடியை வெட்டி நட்டால் போதும். மரவள்ளியும் வேர்தான், அந்தக் கிழங்கைப் புதைத்து வைத்தால் அழுகுமே தவிர முளைக்காது, அதனால்தான் குச்சியை வெட்டி நடுகிறார்கள். இஞ்சி, மஞ்சள், சேனை, சேம்பு எல்லாம் தண்டு. இஞ்சியின் மேல் வளையம் வளையமாகக் கோடு தெரிகிறதே, கணுக்கள். திருநெல்வேலிப் பக்கம் பொங்கலுக்கு வாங்கும் சிறுகிழங்கும் தண்டுதான், அது துளசிக் குடும்பம் என்பது கூடுதல் செய்தி.

கேள்வி: பச்சை நிறமான உருளைக்கிழங்கைத் தோல் சீவிவிட்டுச் சமைக்கலாமா? குளிர்பெட்டியில் வைத்தால் பச்சையாகாதா? (குடும்பத்தலைவி, மதுரை)

முந்தைய பதிலின் தொடர்ச்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்டு என்பதால் வெளிச்சம் பட்டதும் பச்சையம் தயாரிக்கத் தொடங்குகிறது. பச்சையம் ஒன்றும் செய்யாது, கீரையில் இருப்பதுதான். பிரச்சினை, அதே நேரத்தில் தோலையும் முளையையும் ஒட்டி சோலனைன் போன்ற கசப்பு நஞ்சுகளும் கூடுகின்றன. பச்சை நிறம் அதற்கு ஓர் அறிவிப்புப் பலகை. ஓரத்தில் லேசாகப் பச்சை என்றால் தடிமனாகச் சீவி, கண்களைத் தோண்டி எடுத்துவிட்டுச் சமைக்கலாம். பாதிக் கிழங்கு பச்சை, வாயில் வைத்தால் கசக்கிறது என்றால் குப்பைக்குத்தான். வேக வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், கொதிநீரின் சூட்டுக்கு அந்த நஞ்சு அசையாது.

குளிர்பெட்டி வேண்டாம். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், வறுவல் போட்டால் சட்டென்று கருகும், ருசியும் அசட்டுத் தித்திப்பாகிவிடும். காற்றோட்டமான இருட்டு மூலையில் சாக்கு போட்டு மூடி வைத்தால் போதும். கடைகளில் விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று கழுவி அடுக்கி வைத்திருப்பதைவிட மண் ஒட்டிய கிழங்கு எனக்கு எப்போதும் மேல்.

கேள்வி: கேரட்டின் நடுவில் இருக்கும் வெளிறிய பகுதியை எடுத்துவிட வேண்டுமா? அதில் சத்து இல்லை என்கிறார் என் மாமியார். (வாசகி, ஈரோடு)

மாமியாரோடு சண்டை வேண்டாம், இளசாக வாங்கிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. நடுப்பகுதி வேரிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுபோகும் திசு, வெளிவட்டம் இலை தயாரித்த உணவைக் கீழே இறக்கிச் சேமிக்கும் திசு. நிறமும் இனிப்பும் வெளிவட்டத்தில் அதிகம் என்பது உண்மை, அதற்காக நடுவில் ஒன்றுமே இல்லை என்று ஆகாது. முற்றிய கேரட்டில் நடுத்திசு கட்டையாகிவிடும், அப்போது எடுத்துவிடுவதில் தப்பில்லை. தழையோடு வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் தழையைத் திருகி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இலை தண்ணீரை இழுத்து இழுத்துக் கிழங்கு துவண்டுவிடும்.

பீட்ரூட்டில் இப்படி ஒரே வட்டமாக இல்லாமல் வளையம் வளையமாக இருக்கும், ஒன்றுக்கு வெளியே ஒன்றாகப் பல வளர்திசு அடுக்குகள் அதில் வேலை செய்கின்றன. முள்ளங்கியைக் கறாராகப் பார்த்தால் முழுக்க வேர் இல்லை. சல்லிவேர் கிளம்பும் கீழ்ப்பகுதி வேர், அதற்கு மேல் வழவழவென்று இருப்பது வேருக்கும் வித்திலைக்கும் (விதைக்குள்ளேயே இருக்கும் முதல் இலை) நடுவிலுள்ள இளந்தண்டு பருத்தது.

கேள்வி: வெங்காயம் நறுக்கினால் கண் எரிவது ஏன் என்று எல்லோரும் கேட்டுவிட்டார்கள். என் கேள்வி வேறு. வெங்காயத்தில் தண்டு எங்கே? (கல்லூரி மாணவர், பெரம்பலூர்)

நறுக்குவதற்கு முன் அடியில் வேரோடு சேர்த்து ஒரு வட்டத் துண்டை வெட்டி எறிகிறோமே, அதுதான் மொத்தத் தண்டும். மற்றதெல்லாம் இலை. ஒவ்வொரு அடுக்கும் ஓர் இலையின் அடிப்பாகம், வெளியில் காகிதமாகச் சலசலக்கும் தோலும் இலைதான், மேலே பச்சையாக நீளும் தாள் அந்த இலைகளின் மேல்பாகம். செடி அடுத்த பருவத்துக்கான சாப்பாட்டை இலையின் அடியில் போட்டு மூடி வைத்திருக்கிறது. கடையில் விற்கும் பல்லாரியை முளைத்துவிட்டதே என்று தொட்டியில் நட்டால் தாள் கிடைக்கும், பிறகு பூத்தண்டு எழும்பும். பெரிய வெங்காயம் எதிர்பார்க்க வேண்டாம், சேமித்ததைப் பூப்பதற்குச் செலவழித்துவிடும். உங்கள் ஊர்ச் சின்ன வெங்காயம் அப்படியில்லை, பக்க மொட்டுகள் தனித்தனிக் காயாகப் பிரிந்து கொத்தாக வைக்கும், அதனால் காயையே விதையாக நடலாம்.

பூண்டு இன்னொரு மாதிரி. ஒவ்வொரு பல்லும் ஒரு தனி மொட்டு, அதைச் சுற்றித் தடித்த ஒரே ஒரு இலை. ஒரு பல்லைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள், வெங்காயத்தின் அடுக்குகள் இருக்காது, வெள்ளைச் சதையும் நடுவில் ஒரு பச்சைப் புள்ளியும்தான்.

கண் எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்த மாதம் கேட்பீர்கள். செல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருந்த கந்தகப் பொருளும் நொதிகளும் கத்தி பட்டதும் கலந்து, ஆவியாகிற ஒரு பொருளை உண்டாக்குகின்றன. கத்தி கூர்மையாக இருந்தால் நசுங்கும் செல்கள் குறைவு, எரிச்சலும் குறைவு.

கேள்வி: வாழைத்தண்டு உண்மையிலேயே தண்டா? வாழை மரமே இல்லை என்று படித்தேன். வாழைப்பூவைப் பறிக்காமல் விட்டால் அவ்வளவும் காயாகுமா? (விவசாயி, தேனி)

உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போகிறேன், ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். வாழையின் உண்மையான தண்டு முதலில் மண்ணுக்குள் இருக்கும் கிழங்குதான். வெளியே நாம் மரம் என்று கட்டிப்பிடிப்பது இலைகளின் அடியுறைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றி நிற்பது, பட்டையை உரித்தால் கடைசிவரை உரிந்துகொண்டே போவதற்கு அதுதான் காரணம். கட்டைத் திசுவே கிடையாது. பூக்கும் பருவம் வந்தபிறகுதான் கிழங்கின் நுனியிலிருந்து தண்டு கிளம்பி, அந்த உறைகளின் நடுவே துளைத்துக்கொண்டு மேலே ஏறி, உச்சியில் பூவைத் தள்ளுகிறது. நாம் சமைக்கும் வாழைத்தண்டு அது, ஆக அசல் தண்டுதான். குலை தள்ளாத இளங்கன்றை வெட்டினால் நடுவில் சுருண்ட குருத்துதான் இருக்கும், தண்டு இருக்காது. நறுக்கும்போது விரலில் சுற்றிச் சுற்றி எடுக்கும் நார், தண்ணீர் ஏறும் குழாய்களின் உள்சுவரில் சுருளாகப் படிந்திருந்த தடிப்பு, இழுத்ததும் சுருள் பிரிந்து நூலாக வருகிறது. தாமரைத்தண்டை ஒடித்தால் வரும் நூலும் இதே சங்கதி.

பூ விஷயம். மடலுக்கு ஒரு வரிசையாகப் பூக்கள். முதலில் திறக்கும் மடல்களில் இருப்பவை பெண் பூக்கள், அவை சீப்பாகிவிடும். அதற்குப் பிறகு வருபவை ஆண் பூக்கள், எத்தனை நாள் விட்டாலும் காயாகாமல் உதிர்ந்துபோகும். சீப்புகள் வந்து முடிந்ததும் மிச்சப் பூவை ஒடித்துச் சமையலுக்குக் கொடுப்பதில் நஷ்டமே இல்லை, செடியின் சக்தி வீணாகாமல் காய்க்குப் போகும். ஆய்ந்து எடுக்கும்போது கள்ளன் என்று பிடுங்கிப் போடுகிறோமே, தலை தடித்த அந்தக் குச்சி, அது சூலகத்தண்டு. வேகாது, நறநறவென்று இருக்கும். கூடவே எடுக்கும் கண்ணாடி மாதிரிச் செதில் பூவிதழ்களில் ஒன்று. பெண் பூக்கள் மகரந்தச் சேர்க்கை இல்லாமலேயே காயாகிவிடுவதால் நம் வாழைப்பழத்தில் விதை இல்லை. காட்டு வாழைப்பழத்தைக் கடித்தால் பல் போய்விடும், அவ்வளவு கொட்டை.

கேள்வி: முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, நூக்கல் எல்லாம் ஒரே செடி என்று யூடியூபில் சொல்கிறார்கள். இது ரீலா? (வாசகர், கோயம்புத்தூர்)

இல்லை, உண்மை. நான்கும் பிராசிகா ஒலரேசியா என்ற ஒரே இனம். ஐரோப்பாவின் கடலோரக் காட்டுச் செடி ஒன்றை ஆளுக்கொரு விதமாகப் பொறுக்கிப் பொறுக்கி விதை எடுத்து வளர்த்ததில் இப்படிப் பிரிந்துபோனவை. முட்டைக்கோஸ் என்பது ஒரு பிரம்மாண்டமான நுனிமொட்டு, நெடுக்கில் பிளந்தால் நடுவில் கட்டைத்தண்டும் அதன்மேல் நெருக்கியடித்த இலைகளும் தெரியும். நூக்கல் தரைக்கு மேலே பருத்த தண்டு. பச்சைப்பந்தின் மேல் இலை உதிர்ந்த தழும்புகள் இருக்கும், அதை மண்ணுக்குள் விளைகிற கிழங்கு என்று நினைப்பவர்கள் ஊட்டிப் பக்கம் தோட்டத்தில் ஒருமுறை பார்த்தால் அசந்துபோவார்கள். புரோக்கோலி விரியாத பூமொட்டுகள். நாலு நாள் வெளியே வைத்தால் மஞ்சள் தலைகாட்டும்.

காலிஃபிளவர்தான் விசித்திரம். பெயரில் பூ, ஆனால் அந்த வெள்ளைத் திரட்சியில் முழுப் பூ ஒன்றுகூட இல்லை. செடியின் வளர்நுனி பூவாக மாறப் பார்க்கிறது, மரபணுக் கோளாறால் முடியாமல் மறுபடியும் தண்டின் நுனியாகவே திரும்புகிறது, அதிலிருந்து புது நுனிகள், அவையும் முயன்று தோற்று இன்னும் நுனிகள், இப்படியே ஆயிரக்கணக்கில். ஒரு பூங்கொத்தைப் பிய்த்தால் அது முழுப் பூவின் சின்ன நகலாக இருக்கிறது, அதையும் பிய்த்தால் அதைவிடச் சின்ன நகல். இது எப்படி நடக்கிறது என்பதைப் பிரான்ஸ் ஆய்வாளர்கள் கணினி மாதிரியும் கடுகுக் குடும்பத்துச் சோதனைச் செடியும் வைத்து 2021இல் சயன்ஸ் இதழில் விளக்கினார்கள். தோற்றுப்போன பூ என்றாலும் பக்கோடாவுக்கு இதை மிஞ்ச ஆளில்லை.

கேள்வி: தக்காளி பழமா காய்கறியா? ஒரே வரியில் சொல்லவும். (வாசகர், சென்னை)

செடிக்குப் பழம், சமையலுக்குக் காய்கறி.

ஒரு வரியில் சொல்லியாகிவிட்டது, ஆனால் இதற்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை ஒருவர் போயிருக்கிறார். 1883ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி அங்கே இறக்குமதியாகும் காய்கறிக்கு வரி உண்டு, பழத்துக்குக் கிடையாது. ஜான் நிக்ஸ் என்ற வியாபாரி, தக்காளி பழம்தானே, கட்டிய வரியைத் திருப்பிக் கொடுங்கள் என்று நியூயார்க் துறைமுகத்தின் சுங்க அதிகாரி ஹெடன் மேல் வழக்குப் போட்டார். 1893இல் தீர்ப்பு. தாவரவியல்படி பழம்தான், வெள்ளரியும் பூசணியும் பீன்ஸும்கூட அப்படித்தான், ஆனால் ஜனங்கள் அதைச் சூப்போடும் மீனோடும் இறைச்சியோடும் சாப்பாட்டில் சேர்க்கிறார்களே தவிரக் கடைசியில் இனிப்புக்குப் பதிலாகச் சாப்பிடுவதில்லை, ஆகவே காய்கறி, வரி கட்டியது கட்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு இந்தத் தீர்ப்பில் குறை தெரியவில்லை. செடியின் உறுப்பு வேறு, நம் இலையில் அதற்கு எந்த இடம் என்பது வேறு.

பூவின் சூலகம் பருத்து, உள்ளே விதையோடு இருந்தால் அது கனி, முடிந்தது. கத்திரி, மிளகாய், வெண்டை, பாகல், புடலை, முருங்கை, அவரை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். வெண்டையைக் குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் ஐந்து அறை, முருங்கைக்காய் காய்ந்து வெடித்தால் மூன்று பட்டையாகப் பிரியும், அவரை இரண்டாகப் பிளக்கும். சூலகம் என்பதே மடிந்த இலைகள்தான், பூவில் அது எத்தனை இலைகளால் ஆனதோ அந்த எண்ணிக்கை காயில் அப்படியே தெரிகிறது (அவரை மட்டும் ஒரே இலை, இரண்டு ஓரமும் திறந்துகொள்கிறது).

கேள்வி: மாடித்தோட்டத்தில் பூசணியும் பீர்க்கனும் போட்டிருக்கிறேன். பூ நிறைய வருகிறது, எல்லாம் கொட்டிவிடுகிறது, ஒரு காய்கூட இல்லை. என்ன மருந்து அடிப்பது? (வாசகி, தாம்பரம்)

மருந்து எதுவும் வேண்டாம், முதலில் பூவைத் திருப்பி அதன் அடியைப் பாருங்கள். பூசணிக் குடும்பத்தில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் இதழுக்குக் கீழே பொடிக்காய் ஒன்று ஏற்கெனவே இருக்கும், பூசணி என்றால் குட்டி உருண்டை, பீர்க்கன் என்றால் குட்டிக் கோல். ஆண் பூவில் வெறும் காம்புதான். ஆரம்பத்தில் சில நாட்கள் ஆண் பூக்களாகவே வரும், அவை கொட்டித்தான் ஆக வேண்டும். அதைக் காய் கொட்டுகிறது என்று நினைத்துப் பயந்து கண்டதையும் தெளிப்பவர்கள் அதிகம். பறித்துப் பஜ்ஜி போடுங்கள், பூசணிப்பூ பஜ்ஜி பிரமாதமாக இருக்கும். நாலைந்து பூவை மட்டும் கொடியில் விட்டு வையுங்கள், பெண் பூவுக்கு மகரந்தம் வேண்டுமே.

பெண் பூவும் வருகிறது, பொடிக்காய் மஞ்சளாகி வெம்பி விழுகிறது என்றால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். நாலாவது மாடிக்குத் தேனீ வருமா என்பது உங்கள் தெருவைப் பொறுத்தது. வரவில்லையென்றால் நீங்கள்தான் தேனீ. அன்று மலர்ந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் மஞ்சள் தூள் ஒட்டிய தண்டைப் பெண் பூவின் நடுவே உள்ள சூலகமுடியில் மெதுவாகத் தடவுங்கள். நேரம்தான் முக்கியம். பூசணி விடியற்காலையில் மலர்ந்து வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும், காபி குடித்துவிட்டு ஒன்பது பத்து மணிக்குப் போனால் கதை முடிந்திருக்கும். பீர்க்கன் நேர்மாறு, சாயங்காலம்தான் மலரும். சுரையும் புடலையும் அப்படியே மாலைப் பூக்கள், வெள்ளையாக இருப்பது அந்தி நேரத்தில் பூச்சிகளுக்குத் தெரிவதற்கு வசதி. ஆக உங்களுக்குக் காலையில் ஒரு டூட்டி, மாலையில் ஒரு டூட்டி.

இலை மட்டும் யானைக்காது அளவுக்கு வளர்ந்து பூவே குறைவு என்றால் தழைச்சத்தைக் கொட்டுகிறீர்கள், சாண உரத்தையும் பிண்ணாக்கையும் கொஞ்சம் நிறுத்துங்கள்.

கோவைக்காய்க்கு இந்த வித்தை பலிக்காது. அதில் ஆண் கொடியே வேறு, பெண் கொடியே வேறு. விதை போட்டு வளர்த்தால் எது வரும் என்று தெரியாது, அதனால் நன்றாகக் காய்க்கிற கொடியில் குச்சி வாங்கி நடுங்கள்.

கேள்வி: ரோட்டோரத்தில் தேங்காய்ப்பூ என்று விற்கிறார்களே, அது தென்னையின் பூவா? உடம்புக்கு நல்லதா? (வாசகர், தூத்துக்குடி)

பூ இல்லை. தென்னையின் பூ பாளைக்குள் இருக்கிறது, நெல் மாதிரி உதிர்கிறதே அது ஆண் பூ, அடியில் குண்டாக இருக்கும் சில பெண் பூக்கள்தான் குரும்பையாகும். தேங்காய்க்கு மூன்று கண்கள், ஒன்று மட்டும் மெத்தென்று இருக்கும், அதற்குப் பின்னால்தான் கரு. முளைக்கும்போது அந்தக் கருவின் வித்திலை வெளியே வராமல் உள்பக்கமாகப் பஞ்சுபோல் ஊதிப் பெருத்து, தண்ணீரையும் பருப்பையும் கரைத்து உறிஞ்சி, குருத்துக்கும் வேருக்கும் அனுப்புகிறது. அந்த உறிஞ்சுகிற பஞ்சு உருண்டையைத்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். தித்திப்பதற்குக் காரணம் உறிஞ்சிய சர்க்கரை. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் தள்ளுவண்டிப் பலகையில் எழுதியிருக்கும் வியாதிப் பட்டியல் முழுவதையும் அது குணப்படுத்தும் என்று நான் சொல்லமாட்டேன்.

தூத்துக்குடிக்காரருக்கு இதைவிட நல்ல உதாரணம் பனை. நுங்கு என்பது முற்றாத விதையின் உணவுத்திசு, இளநீர் வழுக்கை மாதிரி. முற்றினால் கல்லாகிவிடும். முளைத்த பனங்கொட்டையை வெட்டினால் உள்ளே கிடைக்கும் தவுன், இலங்கையில் பூரான் என்பார்கள், தேங்காய்ப்பூவின் அதே உறுப்புதான். பனை இன்னொரு வேலையும் செய்கிறது. வித்திலையின் மறுமுனை குழாயாக நீண்டு மண்ணுக்குள் இறங்கி, கருவையே ஆழத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது, வறட்சியிலும் நெருப்பிலும் பிழைக்க அது வசதி. அங்கே முதல் இலையின் உறை மாவுச்சத்தோடு தடித்ததைத்தான் பொங்கல் சமயத்தில் தோண்டி அவித்துப் பனங்கிழங்கு என்று தின்கிறோம். வேர் இல்லை, நாற்று. உரிக்கும்போது நடுவில் குச்சி மாதிரி ஒரு குருத்து வருமே, அடுத்து வரவேண்டிய ஓலை அது.

கேள்வி: வேர்க்கடலை வேரில்தானே காய்க்கிறது? (மாணவி, விழுப்புரம்)

இல்லை, உங்கள் மாவட்டத்தில் எந்தக் கடலைக்காட்டிலும் போய்ப் பார்க்கலாம். பூ மண்ணுக்கு மேலே, இலைக்கக்கத்தில் மஞ்சளாகப் பூக்கும். கருவுற்றதும் சூலகத்துக்குக் கீழே ஒரு காம்பு ஊசி மாதிரி நீண்டு மண்ணைக் குத்திக்கொண்டு இறங்கும், விழுது இறங்குகிறது என்று விவசாயிகள் சொல்வது இதைத்தான். இருட்டுக்குள் போன பிறகுதான் நுனி காயாகப் பருக்கும். மண்ணை எட்டாத விழுது வீண். அதனால்தான் விதைத்த 40, 45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்துவிட்டு, அதற்குப் பிறகு களைவெட்டும் கருவியை உள்ளே விடக்கூடாது என்பார்கள். ஜிப்சத்தை வேருக்கு என்று போடுவதாக நினைக்காதீர்கள். வேர் எடுக்கும் சுண்ணாம்புச்சத்து இலைக்கு ஏறிவிட்டால் திரும்ப இறங்கி மண்ணுக்குள் இருக்கும் காய்க்கு வராது, காய் தன் ஓட்டின் வழியாகத் தானே மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அது கிடைக்காவிட்டால் பொக்குக்கடலை. செடியைப் பிடுங்கும்போது வேரில் ஒட்டியிருக்கும் சின்ன உருண்டைகள் காய் அல்ல, தழைச்சத்தை நிலைநிறுத்தும் பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சுகள்.

கேள்வி: சேனைக்கிழங்கு ஏன் அரிக்கிறது? (வாசகி, நாகர்கோவில்)

கால்சியம் ஆக்சலேட் படிகங்கள், ஊசி வடிவத்தில் கட்டுக்கட்டாகச் செல்லுக்குள் இருக்கும், கைத்தோலிலும் தொண்டையிலும் குத்தும். செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஆயுதம். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, புளித்தண்ணீரில் நன்றாக வேகவிட்டு வடித்துவிடுங்கள். அரைவேக்காட்டில் வறுக்காதீர்கள்.

கேள்வி: பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூ, கிராம்பு, கல்பாசி எல்லாம் செடியின் எந்தப் பாகம்? (வாசகர், ஆம்பூர்)

ஆம்பூரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். கிராம்பு விரியாத பூமொட்டு. அன்னாசிப்பூ பூவே இல்லை, காய்ந்த கனி, ஒவ்வொரு இதழுக்குள்ளும் பளபளவென்று ஒரு விதை இருக்கும். ஜாதிக்காய் விதையின் பருப்பு, அதைச் சுற்றியிருந்த சிவப்புப் போர்வை ஜாதிபத்திரி. பட்டை மரத்தின் உள்பட்டை. கல்பாசி செடியே இல்லை, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் ஓர் உயிர்.

கேள்வி: காளான்? (அதே வாசகர்)

அதுவும் செடி இல்லை, பூஞ்சையின் வித்துகள் பரவுவதற்கான குடை. அசல் உடம்பு வைக்கோலுக்குள் வெள்ளை நூலாக ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: சௌசௌவுக்கு விதை எங்கே கிடைக்கும்? விதைக்கடையில் இல்லை என்கிறார்கள். (வாசகி, ஓசூர்)

கிடைக்காது, காய்கறிக்கடைக்குப் போங்கள். ஒரு காய்க்குள் ஒரே விதை, அதுவும் காயை விட்டுப் பிரியாது, உள்ளே இருந்தபடியே முளைத்து வாய்ப்பக்கம் தலையை நீட்டும். பிரித்தெடுத்து உலர்த்தினால் செத்துவிடும். நன்றாக முற்றிய காய் ஒன்றை அடுக்களை மூலையில் போட்டு வையுங்கள், முளை வந்ததும் முளைப்பக்கம் மண்ணில் பதியும்படி முழுக்காயையும் சாய்த்து, பாதி வெளியே தெரிய நடுங்கள். முளைக்கும் வரை அந்தச் சதைதான் அதற்குச் சாப்பாடும் தண்ணீரும். ஓசூர்க் குளிர் அதற்குப் பிடிக்கும், ஆனால் கொடி பலமாகப் படரும், காயும் கனம், அதனால் நடுவதற்கு முன்பே பந்தலை உறுதியாகப் போட்டுவிடுங்கள்.